இடது புறங்கை

வசனம் பேசி நடிக்கிறவர்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. எங்கள் கல்லூரி ஆண்டு விழாவை ஒருமுறை பார்த்திருந்தால் உங்களுக்கும் பிடிக்காமல் போயிருக்கும், மேடம். ஒட்டு மீசை, வாடகை வேட்டி, மைக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஒரு குடிகார அப்பா, கடைசிக் காட்சியில் அவர் திருந்துவார். முன்வரிசையில் பேராசிரியர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். விருதுநகரில் மிளகாய் மண்டிப் பக்கம் போனாலே யாருக்கும் கண்ணீர் வரும். அதற்கு எதற்கு நாடகம் என்று நான் கேட்டதுண்டு.

எழுதிக் கொடுக்கச் சொல்லி நீங்கள் தாள் தந்ததால் எழுதுகிறேன். நேற்று கல்லூரியில் முதல்வர் உங்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. யாரோ ஒரு மாணவன் மேடையில் பதறித் தப்பு செய்துவிட்டானாம், அதனால் வந்த வினையாம். அது பொய். என் மேடையில் யாரும் பதறுவதில்லை. இதைத் தெளிவுபடுத்தத்தான் நீங்கள் கூப்பிடாமலே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் பெயர் எழில், எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. போன கோடையில் மதுரையில் பத்து நாள் உடல்மொழி நாடகப் பயிற்சிக்குப் போய்வந்தேன். திரும்பி வந்ததும் ஆறு பேரைச் சேர்த்து 'முடிச்சு' என்று ஒரு நிகழ்வை உருவாக்கத் தொடங்கினேன். பொருள், உறவுச் சிக்கல். ஒரே ஒரு நீளமான நூல் கயிறு, அதில் சுற்றிக்கொண்ட ஆறு உடம்புகள். ஒருவர் கையை நீட்டினால் இன்னொருவரின் இடுப்பு இழுபட வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு வார்த்தை கிடையாது. இதைக் கேட்டதும் தமிழ்த்துறைத் தலைவர், "ஊமைப் படமா தம்பி?" என்று கேட்டுச் சிரித்தார். அவருடைய அறிவு அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட நாடகத்துக்கு எழுதி வைத்த கதை இருக்காது. வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையிலிருந்து ஓர் அசைவைத் தர வேண்டும். அந்த அசைவு எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். வட்டத்தில் கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று எல்லோரிடமும் நான்தான் சத்தியம் வாங்கினேன். நான் எதுவும் தரவில்லை. இயக்குநர் தரக் கூடாது.

ஆமத்தூர் மணிகண்டராஜ், தன் அப்பாவும் சித்தப்பாவும் ஆறு வருடமாகப் பேசாமல் ஒரே பம்புசெட்டை வைத்து விவசாயம் பார்ப்பதைச் சொன்னான். ஒருவர் சாவியைச் சுவரில் வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொள்வார், மற்றவர் வந்து எடுப்பார். சொந்த மூளை இல்லாத பையன், ஆனால் அந்த முதுகை நன்றாகத் திருப்பிக் காட்டினான். யோகேஸ்வரி தன் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லி அரை மணி நேரம் அழுதாள். அவளுக்கு மூக்கடைத்ததுதான் மிச்சம்.

பிறகு பாண்டிலட்சுமி. பி.காம். மூன்றாம் ஆண்டு. சாத்தூர் ரோட்டில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் சங்கரலிங்கத்தின் ஒரே மகள். சுமாராக நடிப்பாள். கை நீளம், கழுத்து நன்றாகத் திரும்பும், வேறு சொல்லும்படி ஒன்றுமில்லை. ரிகர்சல் முடிந்து அவள் வீட்டுக் கார் வரும்வரை தினமும் கேட்டில் அவளோடு நின்றேன். ஒரு பெண்ணைத் தனியே நிற்க வைக்கக் கூடாது என்பதற்காக. வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவள் தந்த அசைவு இதுதான். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்குள் நுழையும் முன் கதவோரம் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் தங்கியிருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும். இல்லாவிட்டால் ஒரு சின்னப் பொறி போதும், அறையும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார். எல்லோரும் உள்ளங்கையால் தொடுவார்கள். அங்கே மாரீஸ்வரன் என்று ஒருவன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விபத்தில் அவனுடைய இரண்டு உள்ளங்கைகளும் வெந்து தோல் இறுகிவிட்டது. அதற்குப் பிறகு இடது புறங்கையால் தொடுவான். அதுவே பழக்கமாகி, பஸ் கம்பியோ வீட்டுக் கதவோ, எதிலும் முதலில் இடது புறங்கைதான் படும். பாண்டிலட்சுமியின் கையைப் பிடிப்பதற்கு முன்னும் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஓர் இரும்பை அப்படித் தொட்டுவிட்டுத்தான் பிடிப்பானாம்.

அழகான அசைவு. அதை நான் அன்றே ஒப்புக்கொண்டேன். முதலாளி மகளும் மருந்து அறைக்காரனும் என்ற கதைதான் மட்டமானது. அவன் தெரு வேறு, அவள் தெரு வேறு. இந்தப் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

வட்டம் கலைந்ததும் அவள் என்னிடம் ஓடி வந்தாள். "எழில்ண்ணே, அத மட்டும் வேண்டாம்ணே. எங்க கம்பெனில அம்புட்டுப் பேருக்கும் தெரியும் அது யாரு கைன்னு. எங்கப்பா பாத்தா அவுகள உசுரோட விடமாட்டாக."

நான் அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். மேடையில் மணிகண்டராஜ் வலது உள்ளங்கையால் தொடட்டும். அப்போது அது தகட்டைத் தொடும் எந்தத் தொழிலாளியின் கையாகவும் இருக்கும். அவள் சம்மதித்தாள். இருபத்தாறு நாள் ரிகர்சலிலும் வலது கைதான். அவள் முகத்தில் மெல்ல மெல்லப் பயம் போய், ஏதோ ஊரறியச் சொல்லிவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. நிம்மதியாக இருக்கிறவர்களை வைத்து நல்ல நாடகம் செய்ய முடியாது.

சிறப்பு விருந்தினராக யாரை அழைப்பது என்ற பேச்சு வந்தபோது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைச் சொன்னார்கள். சங்கரலிங்கம் ஐயாவின் பெயரைச் சொன்னது நான். அழைப்பிதழை எடுத்துக்கொண்டு அவர் கம்பெனிக்குப் போனதும் நான்தான். நல்ல மனிதர். "சாப்பிட்டீகளா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் வேறு பேச்சு பேசினார். போகும் வழியில் மருந்து அறைப் பக்கம் பார்த்தேன். ஒல்லியாக ஒருவன் தகட்டைப் புறங்கையால் தொட்டுவிட்டு உள்ளே போனான். பார்க்கும்படியாக ஒன்றுமே இல்லை, மேடம். இவனுக்காகவா என்று தோன்றியது.

நிகழ்ச்சி சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. இருபதாவது நிமிடத்தில் அந்தக் காட்சி வந்தது. கயிற்றுக்குள்ளிருந்து மணிகண்டராஜ் வெளியே வந்து, மேடையில் நின்ற இரும்புச் சட்டத்தை இடது புறங்கையால் தொட்டான். பிறகு பாண்டிலட்சுமியின் பக்கம் கையை நீட்டினான்.

அவள் உறைந்தாள். உடம்பு முழுவதும் ஒரே சமயத்தில் நிற்க வேண்டும் என்று இருபத்தாறு நாள் சொல்லியும் அவளுக்கு வராத உறைதல். அன்று மூச்சுகூட நின்றது. அவள் இடுப்பில் இருந்த கயிறு இறுகி கயிற்றில் இருந்த மற்ற நான்கு பேரும் தானாகத் தடுமாறினார்கள். நான் ஓரத்தில் நின்று பார்த்தேன். அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு நிஜமான கணத்தை எடுத்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். அரங்கம் கைதட்டியது. எதற்கென்று அந்தக் கூட்டத்துக்குத் தெரியாது, அது வேறு விஷயம்.

சங்கரலிங்கம் ஐயா கைதட்டவில்லை. கடைசிவரை உட்கார்ந்திருந்தார். மேடை ஏறி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். போர்த்தும்போதே குனிந்து மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கைய எங்கன பாத்தீக தம்பி?"

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம், என் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. திரும்பிப் பாண்டிலட்சுமியைப் பார்த்தேன். அவர் என் பார்வை போன இடத்தைப் பார்த்தார். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று மாலையே அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினோரு நாள் ஆகிறது, எங்கே என்று உங்களுக்கே தெரியவில்லை. மாரீஸ்வரனை மறுநாள் ஒரு குடோனில் வைத்து என்ன செய்தார்கள் என்பது உங்கள் எஃப்.ஐ.ஆரில் இருக்கிறது. மதுரை ஆஸ்பத்திரியில் இடது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் கை வெந்தபோது அவனைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர் சங்கரலிங்கம் ஐயாதான். அது தெரிந்தும் அவருக்குத் தெரியாமல் பழக அந்த இருவருக்கும் என்ன தைரியமோ.

இப்போது மணிகண்டராஜ் விஷயம். அவன் மேல் பழி போடாதீர்கள். அவனால் தப்பாகக்கூட எதையும் தானாகச் செய்ய முடியாது. மேடை ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு அவனைத் தனியே கூப்பிட்டு, "ஏலே, இன்னிக்கு இடது கை, புறங்கையால தொடு" என்றேன். "லட்சுமிக்குத் தெரியுமாண்ணே?" என்று கேட்டான். "அவ சொல்லித்தான்லே" என்றேன். அவன் நம்பினான். எல்லாவற்றையும் திட்டமிட்டது நான், தந்தையை வரவழைத்தது நான், கையை மாற்றியது நான், கேட்டபோது காட்டிக்கொடுத்ததும் நான். பெயரைச் சரியாகப் போடுங்கள்.

ஏன் செய்தாய் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். மூன்று தடவையும் கலைக்காக என்றேன். நீங்கள் நம்பாத மாதிரி பேனாவை மூடி வைத்தீர்கள். உங்கள் வேலை அப்படி, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பெண் விவகாரம் இருக்க வேண்டும். அவள் எனக்கு யாருமில்லை. அவள் யாரை விரும்பினால் எனக்கென்ன. முதல் நாள் வட்டத்தில் அவள் முறை வந்தபோது நடந்ததைக்கூட மறைக்காமல் எழுதிவிடுகிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "எனக்கு ஒருத்தர் இருக்காக" என்று ஆரம்பித்தாள். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மட்டும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.