வளைவில் நாற்பதடி

காலையில் குதிரைப் பந்தயத் தளத்தை வெறுங்காலில் ஒரு சுற்று நடந்த பிறகுதான் நான் தேநீர் குடிப்பேன். தளப் பராமரிப்பாளனாகப் பதினேழு ஆண்டுப் பழக்கம். தரை எங்கே இறுகியிருக்கிறது, எங்கே இளகியிருக்கிறது என்பதைக் குதிகாலே சொல்லிவிடும்.

ஐயா, நீங்கள் விசாரணை அதிகாரி. குதிரையின் காலைப் பிடித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். முழங்காலுக்குக் கீழே என் மணிக்கட்டின் பருமன்தான். முழு வேகத்தில், உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு பாரம் அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. இறுகிய தரை எலும்பை அதிர வைக்கும்; இளகிய தரை தசைநாரை இழுக்கும். இரண்டையும் குதிரை பழகிக்கொள்ளும். இளக்கத்தில் ஓடிவந்த கால் திடீரென்று இறுக்கத்தை மிதிப்பதைத்தான் பழக முடியாது.

நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் அந்த வளைவின் உள்ளோரம் அடிவரை கெட்டித்துப் போயிருந்தது. நாள்தோறும் இருமடங்கு நீர் விட்டுச் சமாளித்தேன். பெயர்த்துப் புது மணல் போடுங்கள் என்று மூன்று மனுக்கள் கொடுத்தேன். அதற்குள் இரண்டு குதிரைகள் அங்கே கால் முறிந்து, திரை கட்டி மறைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டன. பந்தயக் கழகச் செயலாளர் மூன்றாம் மனுவால் விசிறிக்கொண்டே கேட்டார்: "ஏன்யா, குதிரையே வாயத் திறக்கல. உனக்கு எங்க வலிக்குது?"

அறையே சிரித்தது.

பந்தயத்தன்று தளம் முழுவதும் நீர் பாய்ச்சினேன். அந்த உள்ளோரத்தை விட்டுவிட்டேன். குதிரையின் ஒரு தாவல் இருபதடி. தாண்டிவிடக் கூடாதே என்று நாற்பதடி நீளம் காயவிட்டேன். மேலே ஈர மணலைத் தூவிச் சீவினேன்.

என் தங்கை கணவன் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அவன் சவாரிக்காரன்.

"மச்சான், தரை எப்படி? வளைவுல உள்ளாற விடலாமா?"

"ஒரே சீரா இருக்கு மாப்ள. தைரியமா விடு."

"நீங்க சொன்னா கண்ண மூடிக்கிட்டு விடுவேன். இன்னிக்கு ஜெயிச்சா உங்க தங்கச்சி திட்டாம சோறு போடுவா."

குதிரையின் முன்னங்கால் முறிந்தது. அவன் விழுந்தான். பின்னால் வந்த குதிரைகளுக்கு விலக நேரமில்லை.

ஆறே வாரத்தில் வளைவு பெயர்க்கப்பட்டது. அதன்பின் ஒரு கால்கூட முறியவில்லை. தங்கை என் தோளில் சாய்ந்துதான் அழுகிறாள்.

குறி குதிரைக்குத்தான், மனிதனுக்கல்ல என்று எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய், ஐயா. குதிரைகள் செத்தால் கோப்பு நகராது என்பதைக் கண்ணால் கண்டவன் நான். ஒரு மனிதன் தேவைப்பட்டான். மற்ற சவாரிக்காரர்கள் தாங்களே தரையை மிதித்துப் பார்ப்பவர்கள். என் வாய்ச்சொல்லை நம்பி ஓட்டுகிறவன் அவன் ஒருவன்தான்.

அதனால் அவனைத் தேர்ந்தெடுத்தேன்.