மீசையைத் தடவினால் திரும்பு

இந்த மீசையை நான் எப்போதோ எடுத்திருக்க வேண்டும். சூப் குடிக்க இடைஞ்சல். ஜனவரிக் குளிரில் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் அதில் பனி கட்டிவிடும். வகுப்பில் உருகிச் சொட்டும்போது நான் அழுவதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். என் மனைவி இதைப் பாத்திரம் தேய்க்கும் பிரஷ் என்பாள். அவள் தலைநகர் பிஷ்கேக்குக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. இந்த ஒமுர்பேக்கின் நகைச்சுவை தாங்காமல்தான் ஓடிவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். என் சம்பந்தப்பட்ட நகைச்சுவைகளில் ஊர் ரசித்தது அது ஒன்றைத்தான்.

சிறுவன் பெக்தூரைப் பற்றி விசாரிக்கத்தான் என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். அங்கேதான் வருகிறேன்.

நான் பாட்டு வாத்தியார். எங்கள் நாரின் ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன்; மீதிப் பாதி நன்றாகப் பாடும். பிறகு பாட்டு வகுப்புகளைக் குறைத்தார்கள். அக்கார்டியனைப் பெட்டியில் வைத்து மூடிய வாரத்தில் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, புது ஏற்பாடு வந்திருக்கிறது, மற்றவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாத பிள்ளைகளும் இனி அதே வகுப்பில்தான் படிப்பார்கள், பக்கத்தில் ஒரு துணையாசிரியர் உட்கார வேண்டும், நீங்கள் உட்காருகிறீர்களா என்று கேட்டார். உட்காருவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு என்றேன்.

அந்த வேலையை நான் நன்றாகவே செய்தேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். பென்சில் பிடிக்க வராத கைக்கு பென்சிலில் கம்பளி நூல் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். கூச்சல் தாங்காமல் மேஜைக்கடியில் போய் உட்காரும் பிள்ளையோடு நானும் மேஜைக்கடியில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான் வெளியே வரத்தான் இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்த் தாய் தகப்பனிடம் பேசுவதும் என் வேலைதான். என் வீட்டில் பேச்சுத்துணை குளிர்சாதனப் பெட்டி. அது முனகும், நிற்கும், மறுபடி முனகும். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தேன் என்பதால், மற்ற வீடுகளுக்குப் போவது எனக்குப் பிடித்திருந்தது.

பெக்தூர் முதல் வகுப்பில் சேர்ந்தபோது அவனுக்கு ஏழு வயது. பேச மாட்டான். சொன்னதைச் செய்ய மாட்டான். மந்த புத்தி என்று எல்லோரும் முடிவுசெய்திருந்தார்கள். முதல் வாரமே, பிள்ளைகளைச் சிரிக்கவைக்க அக்கார்டியனைக் கொண்டுபோய் வகுப்பின் பின்பக்கம் நின்று வாசித்தேன். எல்லாத் தலையும் திரும்பியது. பெக்தூர் ஜன்னலில் ஊர்ந்த ஈயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் வந்து, அக்கார்டியனின் மேல் கன்னத்தை வைத்து, தாழ்ந்த சுரக் கட்டைகளை நான் அழுத்த அழுத்தச் சிரித்தான். கன்னத்து எலும்பால் கேட்டான். அவனுக்குப் பின்னால் நின்று கை தட்டினேன், சீட்டியடித்தேன், பெயர் சொன்னேன். ஒன்றுமில்லை. பலகைத் தரையில் ஓங்கி மிதித்தால் மட்டும் திரும்பினான்.

எப்போது தெரியும் என்று நீங்கள் கேட்டதற்கு அதுதான் பதில். முதல் வாரம்.

அன்று சாயங்காலமே சொல்லிவிடத்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா சல்கின், தையல் கடையில் வேலை. அப்பா ஷர்ஷென் லாரி ஓட்டுகிறவர், கணவாயைத் தாண்டிப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். சல்கின் அரைக் கிண்ணம் தேநீர் ஊற்றினாள். ஆவியில் வெந்த கறிக் கொழுக்கட்டையான மான்தி வைத்தாள். பையன் என் விலாவில் சாய்ந்துகொண்டு, மீசையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். என்மேல் யாராவது சாய்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தேன். கணக்குக்கு வரவில்லை.

அப்போது சல்கின், "இவனுக்குக் காதுல கீதுல கோளாறுன்னு எழுதிட்டாங்கன்னா பிஷ்கேக் விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுவாங்களாம் அண்ணே. நான் எப்படி இவனை விட்டுட்டு இருப்பேன்?" என்றாள். ஒரு தாய் அப்படிச் சொன்ன பிறகு என்னால் என்ன செய்ய முடியும். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று மான்தியைச் சாப்பிட்டேன். அடுத்த வாரமும் மான்தி இருந்தது.

விளையாட்டு அதற்குப் பிறகு வந்தது. உள்நோக்கம் எதுவும் இல்லை, வெறும் விளையாட்டு. நான் மீசையைத் தடவினால் அவன் திரும்பிப் பின்னால் பார்க்க வேண்டும். பார்த்தால் ஓர் உலர்ந்த திராட்சை. அவன் உள்ளங்கையை நீட்டும் அழகுக்காகவே என் சட்டைப்பை எப்போதும் பிசுபிசுவென்று இருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை வரும் மதிப்பீட்டுக் குழு வசந்தத்தில் வந்தது. எந்தப் பிள்ளை எங்கே படிக்கலாம், யாருக்குத் துணையாசிரியர் வேண்டும் என்று முடிவுசெய்கிறவர்கள். வயதான டாக்டர் ஒருவர் பெக்தூருக்குப் பின்னால் நின்று மணியை ஆட்டினார். பையன் பயந்துவிடக் கூடாதென்று அவனுக்கு எதிரே என்னை உட்கார வைத்திருந்தார்கள். எனக்குப் படபடப்பு. படபடப்பில் என் கை எங்கே போகும்? மீசைக்குத்தான். பெக்தூர் திரும்பினான். "காது நல்லா இருக்கு. புத்திதான் கொஞ்சம் மெதுவு" என்றார் டாக்டர். சல்கின் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷ அழுகை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் முறை தற்செயல். அதை நீங்கள் நம்பலாம். இரண்டாம் வருடம் குளிர்காலம் முழுக்கப் பயிற்சி கொடுத்தேன். உடனே திரும்பினால் சந்தேகம் வரும் என்பதால் சற்றுத் தாமதித்துத் திரும்பப் பழக்கினேன். வலது மீசைக்கு வலது பக்கம், இடது மீசைக்கு இடது பக்கம். சீக்கிரம் கற்றுக்கொண்டான். மந்த புத்தியென்று அவனைச் சொன்னவர்களுக்குப் புத்தி போதாது.

இதற்கிடையில் அவன் கையால் பேசத் தொடங்கியிருந்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகவே உண்டாக்கியது. நாய்க்கு ஒன்று, பனிக்கு ஒன்று, தலைமையாசிரியைக்கு இடுப்பில் கைவைத்து ஓர் ஆட்டம். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே ஆற்றங்கரை வழியாக நாங்கள் இரண்டு பேரும் கையாலேயே அரட்டையடித்துக்கொண்டு போவோம். என் நகைச்சுவைக்கு விடாமல் சிரித்த ஒரே மனிதன் அவன்தான். சிரித்துச் சிரித்துப் பனியில் உட்கார்ந்துவிடுவான். வீட்டில் அவன் கையை ஆட்டியபோது சல்கின் என்னைப் பார்த்தாள். கையால் பேச விட்டால் வாய் சோம்பேறியாகிவிடும் என்றேன். அன்றிலிருந்து அவன் கைகளை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கிவிடுவாள். அவன் பேச்சு எனக்கு மட்டும்தான் புரியும் என்று ஆயிற்று. அதனால் ஞாயிற்றுக்கிழமையும் என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது.

சின்ன வயதில் ஒரு மொழி கைவராவிட்டால், அது பேச்சானாலும் சைகையானாலும், பிறகு பிடிப்பது கடினம் என்று பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொன்னார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நன்றாகக் கேட்டது.

சல்கின் முட்டாள் இல்லை. ஒருநாள் தட்டுகளைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "அண்ணே, நான் ஒண்ணு கேப்பேன், உண்மையைச் சொல்லணும். இவனுக்குக் காது கேக்கலையோ?" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பெத்தவளுக்குத் தோணுது."

நான் எழுந்து அவனுக்குப் பின்னால் போய், "பெக்தூர்" என்றேன். பெயரைச் சொல்லும்போதே குதிகாலால் பலகையை அழுத்தினேன். அவன் திரும்பினான்.

"பாத்தியா தங்கச்சி? அவனுக்கு இஷ்டமிருந்தா கேக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். "அப்படியே அவங்கப்பன் மாதிரி" என்றாள்.

என் வேடிக்கைப் பேச்சில் அந்த ஒன்றை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளலாமென்று சில சமயம் தோன்றும். இஷ்டமிருந்தால் கேட்கும் என்பதை ஷர்ஷென் பிடித்துக்கொண்டார். கூப்பிட்டு வராவிட்டால் திமிர் என்று பட்டம். லாரியிலிருந்து இறங்கி வந்த களைப்பில் இரண்டு முறை கூப்பிடுவார். மூன்றாவதற்குக் கை பேசிவிடும். பையனுக்கு எதற்கு அடி விழுகிறது என்று தெரியாது. அடித்த கையையே பார்த்துக்கொண்டிருப்பான், அதுவும் ஏதோ சொல்கிறதென்று நினைத்து, அர்த்தம் கண்டுபிடிக்க முயல்கிற மாதிரி. நான் இருந்தபோதெல்லாம் நடுவில் புகுந்து தடுத்திருக்கிறேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடி வாங்கிய பிறகு அவன் ஓடிவருவது என்னிடம்தான்.

இரண்டாம் வருடக் குழுவிலும் காது சரி என்று வந்ததும், எனக்கு நன்றி சொல்ல ஷர்ஷென் ஆடு வெட்டினார். உறவுக்காரர்களெல்லாம் வந்திருந்தார்கள். வெந்த தலையைத் தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்தினார். தலை விருந்தில் மூத்தவருக்குரியது; பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தும் எனக்கு. என் வாழ்க்கையில் அதுவரை எனக்கு வந்த மரியாதையெல்லாம் பேருந்தில் யாராவது எழுந்து இடம் கொடுப்பதுதான். அதுவும் அடுத்த நிறுத்தத்தில் அவர்கள் இறங்க வேண்டியிருந்திருக்கும். தலையை வாங்குகிறவர் காதை அறுத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும், சொன்னதைக் கேட்டு வளரட்டும் என்று. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். கத்தியை எடுத்தேன்.

"வாத்தியாரே, பெருசாப் பாத்து அறுங்க. இவனுக்கு ஒண்ணு பத்தாது" என்றார் ஷர்ஷென். கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைதானே.

இரண்டு காதையும் அறுத்து அவன் கையில் வைத்தேன். பெக்தூர் ரசித்து ரசித்து மென்றான். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான். அன்றைக்கு நான் அந்தக் குடும்பத்தில் ஒருவன். அப்படி ஓர் இரவு உங்களுக்கு வாய்த்திருந்தால் நீங்களும் வாயைத் திறந்திருக்க மாட்டீர்கள்.

மூன்றாம் வருடமும் திரும்பினான். நான்காம் வருடம் வந்தது புது டாக்டர், இளம் பெண். ஒரு சின்ன இயந்திரம் வைத்திருந்தாள். காதில் சொருகினால் அதுவே பார்த்துச் சொல்லிவிடுமாம், பிள்ளை திரும்பவே வேண்டியதில்லையாம். எல்லோரையும் வெளியே இருக்கச் சொன்னாள். நான் நடைவழியில் நின்றுகொண்டு, மூடிய கதவைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன். வலது, இடது, வலது. பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிற பெண்மணி, பல் வலியா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

டாக்டர் வெளியே வந்து, இத்தனை வருடமும் இவனோடு கூட இருந்தது யார் என்று கேட்டாள்.

"எங்க ஒமுர்பேக் அண்ணன்தான்" என்றாள் சல்கின், பெருமையாக. அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. பெக்தூர் டாக்டருக்குப் பின்னாலிருந்து எட்டி என் முகத்தைப் பார்த்தான். என் கை மீசையில் இருந்தது. ஒழுங்காகத் திரும்பிப் பின்னால் பார்த்துவிட்டு, உள்ளங்கையை நீட்டினான்.

டாக்டர் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பையன் தப்பாக எதுவும் செய்யவில்லையே. நான் திராட்சையைக் கொடுத்தேன்.

சாயங்காலம் சல்கின் வீட்டுக்குப் போனேன். வேறு எங்கே போவது? அவள் கத்தவில்லை. "உங்களுக்குத் தெரியுமா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியும்."

அவள் தேநீர்ப் பானையை எடுத்து என் கிண்ணத்தை நிரப்பினாள். அத்தனை வருடமும் அரைக் கிண்ணம்தான் ஊற்றுவாள், நான் மறுபடி மறுபடி நீட்ட வேண்டும் என்பதற்காக. இந்த முறை விளிம்பு வரை. குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம், எங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். சிந்தாமல் எடுக்க முடியாத அளவுக்கு நிறைந்திருந்தது. மெதுவாகக் குடித்தேன். எவ்வளவு மெதுவாகக் குடித்தாலும் ஒரு கிண்ணம் ஒரு கிண்ணம்தான்.

ஆக, நான் செய்தது இது: பையனுக்குக் காது கேட்காது என்று தெரிந்தே நான்கு வருடம் மறைத்தேன், குழுவை ஏமாற்றினேன், அவன் கைகளை அடக்கச் சொன்னேன். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ போடுகிறேன். காரணம் என்ன என்று கேட்டீர்கள். அவன் அந்தப் பெரிய ஊரில் தனியாகிவிடக் கூடாது என்பதுதான்.

இப்போது அங்கேதான் இருக்கிறான். எங்கள் பள்ளிக்கூடக் காவல்காரர் சல்கினுக்குத் தூரத்துச் சொந்தம். மனசு கேட்காமல் அவருடைய போனில் ஒரு வீடியோ காட்டினார். விடுதி முற்றத்தில் பிள்ளைகள் வட்டமாக நிற்கிறார்கள். எல்லோருடைய கைகளும் பறக்கின்றன, எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நடுவில் பெக்தூர். வளர்ந்திருக்கிறான். காதுக்குப் பின்னால் ஏதோ கருவி. அவன் விறைப்பாக நிமிர்ந்து, மூக்குக்குக் கீழே விரலால் வலதும் இடதுமாகத் தடவுகிறான். உடனே எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் திரும்பிப் பின்னால் பார்த்துவிட்டு, உள்ளங்கைகளை நீட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். காவல்காரர் அதை மறுபடி மறுபடி போட்டுக்காட்டினார். லீவுக்குக்கூட வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறானாம்.

அதைப் பார்த்த பிறகு எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். தண்டனை என்னவானாலும் அனுபவிக்கிறேன், அது முடிந்ததும் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏதாவது வேலை வாங்கிக் கொடுங்கள். அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலையானாலும் சரி. மீசையையும் அதற்காகத்தான் எடுக்காமல் வைத்திருக்கிறேன். எடுத்துவிட்டால் பிள்ளைக்கு என்னை அடையாளம் தெரியாது. வீடியோவில் நீங்களே பாருங்கள், அவ்வளவு பேருக்கு நடுவிலும் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். பாவம், பேச்சுத்துணைக்கு அவனுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?