டாசனின் ஜாக்கெட்டும் கெல்லனின் கடைசி ஆண்டும்

அயோவா மாநிலம், மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு அதிகாரி முன்பாக, சத்தியத்தின் பேரில் கொடுத்தது.

பெயர் ராக்சேன் டீட்மன். வயது ஐம்பத்து மூன்று. முதலில் கேட்டபோது நாற்பத்தொன்பது என்று சொன்னேன். சத்தியம் செய்ய உயர்த்திய கை அப்போது இன்னும் கீழே இறங்கவில்லை. அதிகாரி என் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துவிட்டு அடித்துத் திருத்தினார், திருத்தத்தின் ஓரத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முகவரி, ஹேல்ஸ்டன் ஊருக்கு வெளியே தானியக் கிடங்குக்கு எதிர் வீடு. தொழில், பன்றி ஏற்றும் லாரி ஓட்டுவது. படிப்பு, ஒன்பதாவதில் பாதி.

மேற்படி விலாசத்தில் நான் தனியாக வசித்து வந்தேன். சென்ற கோடையிலிருந்து என் அண்ணன் மகன் கெல்லன் டீட்மன் என்னுடன் வசித்து வருகிறான். அவன் ஹேல்ஸ்டன் கல்லூரி மாணவன், மல்யுத்த வீரன், நூற்று ஐம்பத்தேழு பவுண்டு எடைப் பிரிவு. இது அவனுக்கு மூன்றாவது கல்லூரி. முதல் கல்லூரி நெப்ராஸ்காவில் இருக்கும் பெரியது. அவனை வீடு தேடி வந்து அழைத்த பயிற்சியாளர் இரண்டாம் ஆண்டு முடிவில் அதைவிடப் பெரிய கல்லூரி ஒன்றுக்குப் போய்விட்டார், அதே வாரத்தில் அங்கே வேலையும் தொடங்கிவிட்டார். புதிதாக வந்தவர் தன் ஆட்களைக் கூட்டி வந்ததால் கெல்லன் ஒரு சிறிய கல்லூரிக்கு மாறினான். ஒரே ஆண்டில் அந்தக் கல்லூரி மல்யுத்த அணியையே கலைத்துவிட்டது. அதன் பிறகுதான் ஹேல்ஸ்டனுக்கு வந்தான்.

கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி என்னவென்றால், முதல் தடவை மாறுபவன் உடனே விளையாடலாம், இரண்டாம் தடவை மாறினால் ஓர் ஆண்டு மோதாமல் உட்கார வேண்டும். அவன் உட்கார்ந்தான். அணியோடு பயிற்சி செய்தான், போட்டி நாளில் பார்வையாளர் வரிசையில் என் பக்கத்தில் இருந்தான். ஜீன்ஸ் போட்டிருந்தான், காலில் மட்டும் மல்யுத்தக் காலணி, கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. அதைப் பற்றி நான் கேலி செய்யவில்லை. மற்ற எல்லாவற்றையும் கேலி செய்தேன்.

அதே எடைப் பிரிவில் ஹேல்ஸ்டனுக்காக மோதுபவன் டாசன் நோவக். மூன்று ஆண்டுகளாக அங்கேயே இருப்பவன், எங்கும் மாறாதவன். அடுத்த ஆண்டு கெல்லனுக்குத் தடை நீங்கினால் இருவரில் ஒருவருக்குத்தான் இடம். அதை இருவரும் அறிவார்கள். ஆனாலும் வாரத்தில் பாதி நாள் டாசன் என் வீட்டுச் சமையலறையில்தான் இருப்பான், என்னை அத்தை என்றே கூப்பிடுவான்.

சென்ற டிசம்பரில் பக்கத்து மாவட்டத்தில் ஒரு திறந்த போட்டி நடந்தது. கல்லூரிக்காக மோத முடியாதவர்கள் இப்படிப்பட்ட போட்டியில் தனியாளாக மோதலாம். ஆனால் கல்லூரியின் பெயர் போட்ட துணி உடம்பில் இருக்கக்கூடாது, கல்லூரிப் பயிற்சியாளர் மல்யுத்த விரிப்பின் ஓர நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கக்கூடாது. கெல்லன் தனியாளாகப் பெயர் கொடுத்தான். டாசனுக்கு அன்று தோளில் வலி, சும்மா பார்க்க வந்தான். இருவரையும் என் சொந்தப் பிக்கப் வண்டியில் நான்தான் கூட்டிப் போனேன்.

கெல்லன் எடையைக் குறைக்க முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வழியெல்லாம் ஒரு பாட்டிலில் துப்பிக்கொண்டே வந்தான். "டேய், எச்சில்ல எத்தனை பவுண்டுடா இருக்கும்? இன்னும் கொஞ்சம் துப்புனா சின்னப் பசங்களோட எழுபத்தஞ்சு பவுண்டுல சேர்த்துருவாங்க, அங்க ஆளே இல்லையாம்" என்று நான் சொன்னேன். டாசன் சிரித்தான். கெல்லனுக்குச் சிரிக்க எச்சில் மிச்சமில்லை.

எடை சரியாக வந்தது. அதன் பிறகு அவன் வெளியே வந்து வண்டிப் பக்கத்தில் நின்று தேனும் ரொட்டியும் சாப்பிட்டான். வெளியே கடுங்குளிர், தண்ணீர் இல்லாத உடம்பு, மெல்லிய கறுப்பு உடை. ரொட்டி கையிலிருந்து நழுவும் அளவுக்கு நடுங்கினான். வண்டியின் பின் இருக்கையில் ஒரு ஜாக்கெட் கிடந்தது, எடுத்து அவன் மேல் போர்த்தினேன். அது டாசனுடையது. முதுகில் ஹேல்ஸ்டன் என்று என் கை அகலத்துக்கு எழுதியிருந்தது. எங்கள் ஊரில் மளிகைக்கடைக்காரர், பாதிரியார், கால்நடை மருத்துவர் எல்லோரும் அந்தப் பெயரை முதுகில் போட்டுக்கொண்டுதான் திரிகிறார்கள். குளிருக்குப் போர்த்தும் துணி என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. கெல்லனும் கவனிக்கும் நிலையில் இல்லை. அப்படியே அரங்கத்துக்குள் போனான், உள்ளே ஒருவர் படம் எடுத்தார். விரிப்பில் ஏறுமுன் அவன் அதைக் கழற்றி என்னிடம் கொடுத்தான்.

ஓர நாற்காலியில் உட்கார ஆள் இல்லாததால் நான் உட்கார்ந்தேன். மல்யுத்தம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பன்றிகளை லாரியில் ஏற்றும்போது சொல்வதைத்தான் சொன்னேன். "போ! போ! முன்னால போ! திரும்பாத!" நடுவர் என்னை ஒரு முறை எச்சரித்தார். கெல்லன் வென்றான்.

ஜனவரியில் சங்கம் அந்தப் படத்தைக் காட்டி, கெல்லன் தடைக்காலத்தில் கல்லூரியின் பெயரில் மோதினான், ஆகவே உட்கார்ந்த ஆண்டு கணக்கில் வராது, அடுத்த ஆண்டும் உட்கார வேண்டும் என்று தீர்மானித்தது. அடுத்த ஆண்டுதான் அவனுக்குக் கடைசி ஆண்டு. அதிலும் உட்கார்ந்தால் அவன் மல்யுத்தம் அதோடு முடிந்தது. கல்லூரியே ஜாக்கெட்டைக் கொடுத்து அனுப்பியது என்றும் சங்கம் சொன்னது. அது தவறு. போர்த்தியது நான், வேறு யாரும் சொல்லிச் செய்யவில்லை.

சில நாள் கழித்து, வழக்குப் போடுவது என்று முடிவானதும், ஒரு சாயங்காலம் டாசன் என் வீட்டுக்கு வந்தான். கெல்லன் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். டாசன் உட்காராமலே நின்றான்.

"அத்தை, அது என் ஜாக்கெட்டுனு கோர்ட்ல சொல்லப் போறேன்."

"உன்னை யாருடா கேட்டா? வாயை மூடிட்டு இருந்தா இடம் உனக்குத்தான். யோசிச்சுக்கோ."

"யோசிச்சேன். நேத்து ராத்திரி பூரா அதத்தான் யோசிச்சேன், அது வேற அசிங்கமா இருக்கு. அவன் பேப்பர்ல தோத்தா நான் எப்படி ஜெயிச்ச மாதிரி ஆகும்? மேட்ல வரட்டும். அங்க வெச்சு நசுக்கறேன்."

"நசுக்குறவன் மூஞ்சியப் பாரு. போன வாரம் பயிற்சியில உன்னை மூணு தடவை கவுத்தானாமே?"

"ரெண்டு" என்றான் டாசன். மாடியிலிருந்து "மூணு!" என்று கெல்லனின் குரல் கேட்டது. அந்த வாரத்தில் அவன் சத்தமாகப் பேசிய முதல் வார்த்தை அது.

அதன் பிறகு, சங்கத்தின் தீர்மானத்தோடு மாறினவனை உட்கார வைக்கும் விதியையும் எதிர்த்து, கெல்லன் பெயரில் வழக்குப் போடப்பட்டது. இன்று காலை நடந்த விசாரணையில் சங்கத்தின் வழக்கறிஞர் திரு. பெல்லமி என்னைக் கேள்வி கேட்டார். "மேடம், ஜாக்கெட்ல எழுத்து இருந்தது தெரியுமா தெரியாதா?" என்றார். "எழுத்து முதுகுல இருந்துச்சு சார். நான் முன்பக்கம் நின்னேன். அங்க பல்லு கடகடன்னு அடிச்சுக்கிட்டிருந்துச்சு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. விதி இல்லாவிட்டால் பெரிய கல்லூரிகள் ஒவ்வோர் ஆண்டும் சிறியவற்றின் நல்ல பிள்ளைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போகும், ஹேல்ஸ்டன் போன்ற கல்லூரிக்கு அணியே மிஞ்சாது, டாசன் போல ஒரே இடத்தில் நின்றவனுக்கு என்ன மதிப்பு என்று கேட்டார். அது நியாயமான பேச்சு, அதை இங்கே மறைக்க மாட்டேன். பன்றி ஏற்றுகிறவளுக்குக் கதவு எதற்கு என்று தெரியும். எல்லாக் கதவையும் திறந்து வைத்தால் மாலைக்குள் நெடுஞ்சாலையில்தான் பிடிக்க வேண்டும். ஆனால் தொழுவம் எரிந்து வெளியே வந்த பன்றியையும், தீனி ருசிக்கு வேலி தாண்டின பன்றியையும் ஒரே கதவில் நிறுத்த மாட்டோம். கெல்லன் தாண்டவில்லை, அவன் காலடியில் இருந்த அணி கலைந்தது. முதலில் தாண்டிய பயிற்சியாளர் ஒரு நாள்கூட உட்காரவில்லை. இதை நான் சொன்னபோது திரு. பெல்லமி கண்ணாடியைத் துடைத்தார்.

அதன் பிறகு டாசன் சாட்சி சொன்னான். இவனுக்குத் தடை போனால் உங்கள் இடம் போகலாம், தெரியுமா என்று நீதிபதி அம்மையார் கேட்டார். "தெரியும் மேடம். போகாது" என்றான்.

அம்மையார் சற்று நேரம் எழுதிவிட்டு, முழு விசாரணை முடியும் வரை, இந்த ஆண்டுத் தடையையும் சேர்த்து நிறுத்தி, கெல்லனை யாரும் தடுக்கக்கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டார். வருகிற சனிக்கிழமையே அவன் ஹேல்ஸ்டனுக்காக மோதலாம். அதற்குமுன் டாசனும் அவனும் தங்களுக்குள் மோதி, வென்றவன் போக வேண்டும். இது கல்லூரி அணிகளில் உள்ள வழக்கம். நாளை காலை இருவருக்கும் எடை பார்த்து மோத விடுவதாகப் பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். உத்தரவைக் கேட்டதும் கெல்லன் குனிந்து ஷூக்கயிற்றை இறுக்கினான். கோட்டுப் போட்டிருந்தான், அதற்குக் கீழே மறுபடியும் அதே காலணி.

முழு விசாரணைக்காக இந்த வாக்குமூலம் கொடுக்கிறேன். அதிகாரி வாசித்துக் காட்டினார், கேட்டேன். என் கண்ணால் கண்டதும் என் கையால் செய்ததும்தான் இதில் இருக்கிறது, ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

(ஒப்பம்) ராக்சேன் டீட்மன்

கையெழுத்துக்குப் பின், நீதிமன்றக் காவலர் கேட்டுக்கொண்டதன் பேரில் சேர்த்தது: நான் உள்ளே இதைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கெல்லனும் டாசனும் நாளைவரை காத்திருக்காமல் வெளித் தாழ்வாரத்தில் ஒருவரை ஒருவர் பிடித்து மோதினார்கள். இருவரும் சேர்ந்து, காசு போட்டு எடுக்கும் தின்பண்ட இயந்திரத்தின் மேல் சாய்ந்தார்கள். கண்ணாடி உடையவில்லை. இரண்டாம் தட்டில் இருந்த சாக்லேட் முழுவதும் கீழே கொட்டியது. நாளை எடை பார்க்க வேண்டியிருப்பதால் இருவரும் ஒன்றைக்கூடத் தொடவில்லை. திரு. பெல்லமி இரண்டு எடுத்துக்கொண்டார். நான் மூன்று.