ஏசுவடியான் கைராசி

தலைவலி என்று யார் வந்தாலும் நான் முதலில் "டீ குடிச்சியா?" என்றுதான் கேட்பேன், ஐயா. பாதிப் பேருக்கு அதோடு போய்விடும். மருந்துக் கடைக்காரன் டீக்கடைக்கு ஆள் அனுப்புகிறான் என்று பக்கத்துக் கடையில் கேலி பேசுவார்கள்.

மீதிப் பேருக்கு 'செட்'. சளி, இருமல், மண்டையிடி எதுவானாலும் நாலு மாத்திரையைப் பிரித்துக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பேன். அதில் குட்டியாக ஒன்று ஸ்டீராய்டு. ஒரு மணி நேரத்தில் ஆள் எழுந்து தறிக்குப் போய்விடுவான். "ஏசுவடியான் அண்ணாச்சிக்குக் கைராசி" என்பார்கள். சங்கரன்கோவிலில் இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்த உடம்பு இது.

தறிக்காரன் வெள்ளத்துரை நாலு நாள் செட் வாங்கினான். ஐந்தாம் நாள் பெண்டாட்டி பேச்சித்தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். என் கடைக்கு இரண்டே படி. ஏறியதும் இரைத்தது, ஒரு வார்த்தை முழுசாக வரவில்லை. வெளிச்சம் தலையைக் குத்துகிறது என்று கண்ணை மூடிப் பெஞ்சில் சாய்ந்தான்.

"எதுத்தாப்புல டாக்டரம்மாட்ட காட்டிருவோமா அண்ணாச்சி? பயமா இருக்கு" என்றாள் பேச்சித்தாய்.

எதிரே ஷிரின் பானு என்கிற சின்னப் பொண்ணு கிளினிக் திறந்து ஒரு மாசம்தான் ஆகிறது. வருகிறவர்களிடமெல்லாம் என் செட்டை வாங்காதே என்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

"போயி இவனுக்கு ஒரு டீ வாங்கிட்டு வா தாயி. அதுக்குள்ள ஆக்சிஜன் பாத்துருதேன்" என்றேன்.

விரலில் மாட்டுகிற மெஷின் நம்பரை செல்லில் படம் எடுத்துக் காட்டுவது கொரோனா காலத்துப் பழக்கம். அவள் திரும்பி வந்ததும் காட்டினேன். "பாரு, தொண்ணூத்தேழு. சும்மா சளிதான்."

"நீங்க சொன்னா சரிதான் அண்ணாச்சி" என்று சிரித்தாள். பாவம், அவ்வளவு நம்பிக்கை. இன்னொரு செட் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆட்டோவிலேயே அவன் போய்ச் சேர்ந்தான்.

என் செல்லில் இருந்த அந்தப் படத்தை நீங்கள் பெரிதாக்கிப் பார்த்துவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஓரத்தில் பாதி தெரிவது என் சிலுவை மோதிரம்தான், விரலும் என்னுடையதுதான். வெள்ளத்துரை விரலில் மெஷின் காட்டியது எண்பத்திரண்டு. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என் செட்டைப் போட்டவன் ஒருத்தன்கூட இதுவரை எதிர் கிளினிக் படி ஏறியதில்லை.