அக்கா நம்பரில் வாங்கினது

— அதான் சொல்றேன், உன் நம்பர் எனக்கு மனப்பாடம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

— எந்த நம்பர்டி?

— உன் அடையாள நம்பர். பொறந்த தேதியும் கடைசி நாலு எண்ணும். கடையில பாயின்ட் ஏறறதுக்குத் தட்டுவியே, அது.

— தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. காலி டின்னை மெஷின்ல போடு ஸ்வேயா, பின்னாடி ஆள் நிக்குது. ஒவ்வொண்ணாப் போடு. மொத்தமாத் திணிச்சா மெஷின் திருப்பித் துப்பிடும்.

— ஹெட்விக் அக்கா, நான் ஒண்ணு பண்ணிட்டேன்.

— ம்.

— "ம்"மா? என்னன்னு கேக்க மாட்டியா?

— நீயாச் சொல்லு. நான் திட்ட மாட்டேன்.

— சத்தியமா?

— சத்தியமா.

— யார் மேல?

— அம்மா மேல, அப்பா மேல, வாரா வாரம் சனிக்கிழமை திங்கற மிட்டாய் மேல. போதுமா?

— மிட்டாய் மேல பண்ணினதால நம்பறேன். போன செவ்வாய்க்கிழமை ஸ்கூல் விட்டதும் மருந்துக்கடைக்குப் போனேன். ஸ்டேஷன் எதிர்க்க, நம்ம பாயின்ட் கார்டு செல்லுமே, அந்தக் கடை. ஒரு டெஸ்ட் வாங்கினேன்.

— என்ன டெஸ்ட்?

— அதான்... கர்ப்பமா இருக்கான்னு பாக்கற டெஸ்ட்.

— ஸ்வேயா. இங்க வா. பையைக் கீழ வெச்சுட்டு வா.

— ஐயோ, கட்டிப்பிடிக்காதக்கா! எனக்கு இல்ல!

— உனக்கு இல்லன்னா?

— உனக்கு!

— எனக்கா?

— உன் நம்பரைத் தட்டித்தான் வாங்கினேன். எண்பது குரோனாவுக்கு ஒரு குரோனா கம்மி. ரெண்டு வாரம் கைக்காசு போச்சு.

— இரு இரு. மொதல்லேர்ந்து சொல்லு. எனக்கு எதுக்குடி அது?

— உனக்கு எதுக்கும் இல்ல. அம்மா பாக்கணும்னுதான். சனிக்கிழமை காலையில காப்பியும் கையுமா உக்காந்து ஃபோன்ல அந்தப் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பாப்பாங்களே. எந்தக் கடை, என்ன சாமான், எத்தனை பாயின்ட். மத்த வீட்டுல பேப்பர் படிப்பாங்க, நம்ம வீட்டுல அது. மருந்துக்கடைன்னா ரெண்டு பங்கு ஏறும், கண்ணுல படாமப் போகாது. உன் பேர்ல அது நிக்கும், அம்மா உன்னைப் பாத்து...

— என்னைப் பாத்து?

— கத்துவாங்கன்னு.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதானாவா! பதினெட்டு வருஷத்துல உன்னைப் பாத்து ஒரு தடவை கத்தியிருக்காங்களா? "ஹெட்விக் பாத்துக்குவா." "ஹெட்விக்கைக் கேளு." "ஹெட்விக் உன் வயசுல." நீ என் வயசுல என்னதான் பண்ணலன்னு சொல்லேன், அதையாவது நான் பண்றேன்.

— பொண்ணுங்களா, எனக்கு அவசரமில்ல. மெஷின்தான் காத்துக்கிட்டு இருக்கு.

— சாரிங்க. நீங்க மொதல்ல போடறீங்களா?

— வேணாம்மா, வரிசைன்னா வரிசை. நீங்க பேசிக்கிட்டே போடுங்க. நான் எதையும் காதுல வாங்கல.

— போடுடி. பேசிக்கிட்டே போடு.

— எல்லாம் அந்தக் கார்டால வந்த வினை.

— கார்டு என்ன பண்ணுச்சு பாவம்?

— உனக்குப் பதினாறு முடிஞ்ச அன்னிக்கு, பொறந்தநாள் பச்சைக் கேக்குக்குப் பக்கத்துல கவர்ல வெச்சுக் குடுத்தாங்க. வீட்டுக் கணக்குல உனக்குன்னு ஒரு கார்டு, பேரெல்லாம் அச்சடிச்சு. நான் ஃபோட்டோ எடுத்தேன், நீயும் அம்மாவும் கார்டும். எனக்குச் செப்டம்பர்ல பதினாறு முடிஞ்சுது. கேக்கு வந்துச்சு. கார்டு வரல. கேட்டா, "நீ தொலைச்சுடுவே, போன குளிருக்கு மூணு ஜோடி கையுறை தொலைச்சே"ன்னாங்க.

— மூணு இல்ல, நாலு. நாலாவது என்னோடது.

— பாத்தியா, பாத்தியா!

— அடியே, அது வெறும் பாயின்ட் கார்டு. ரெண்டாயிரத்து ஐநூறு பாயின்ட் சேந்தா இருபத்தஞ்சு குரோனாவுக்கு ஒரு கூப்பன். அதுல ஒரு சாக்லேட்டும் ஒரு வாழைப்பழமும் வரும். இதுக்கா இவ்வளவு வயித்தெரிச்சல்?

— சாக்லேட்டுக்கு யாரு அழுதா? மாசம் பொறந்து கூப்பன் வந்தா அம்மா யாரைக் கூப்பிடறாங்க? "ஹெட்விக், வா, எதுல செலவு பண்ணலாம்?" ரெண்டு பேரும் சோபாவுல ஒரே போர்வைக்குள்ள, தலையோட தலை முட்டிக்கிட்டு. நான் எதிர் நாற்காலி. நான் திங்கற தயிருக்கும் பாயின்ட் ஏறுதுல்ல? என் ஷாம்புவுக்கும் ஏறுதுல்ல? சேக்கறதுல நான் இருக்கேன். கேக்கறதுல இல்ல.

— இதை நீ சொன்னதே இல்லையே.

— சொன்னா, "ஹெட்விக்கைப் பாத்துப் பொறாமைப்படாதே"ம்பாங்க. அதுலயும் உன் பேர்தான் மொதல்ல வரும்.

— சரி. அதுக்காக எனக்கு ஒரு கொழந்தையைக் குடுத்துட்டே.

— சிரிக்காதக்கா. நான் செத்துக்கிட்டிருக்கேன்.

— சிரிக்கல. கடைக்காரம்மா ஒண்ணும் கேக்கலையா?

— கேட்டாங்க. குனிஞ்சு, மெதுவா, "வேற ஏதாவது பேசணுமா கண்ணு"ன்னாங்க. "இல்ல, பாயின்ட் மட்டும் ஏத்தணும்"னேன்.

— கடவுளே.

— அடுத்தவங்க நம்பரைத் தட்டினா போலீஸ் கேஸுன்னு என் கிளாஸ் வில்கோட் சொல்றான். மருந்துக்கடையில கேமரா இருக்காம்.

— வில்கோட் கணக்குல ரெண்டு தடவை ஃபெயிலு, அவன் உனக்கு வக்கீலா? மேல சொல்லு. சனிக்கிழமை அம்மா பாத்தாங்க. அப்புறம்?

— கத்தவே இல்ல! ஃபோனைக் கவுத்து வெச்சாங்க. காப்பி ஆறிப் போச்சு. எந்திரிச்சு உன் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினாங்க. சரி, இப்ப விழும்னு நான் வெளிய நின்னு காது குடுத்தா, குசுகுசு, குசுகுசு. அரை மணி நேரம். வெளிய வந்தா ரெண்டு பேர் கண்ணும் சிவப்பு. நான் உன்னை மாட்டிவிடப் பாத்தேன், நீ என்னடான்னா இன்னும் அம்மா மடியில ஏறி உக்காந்துட்டே.

— அப்புறம்?

— அப்புறம் ஒரேயடியாப் பாசம். ராத்திரி பன்னிக்கறி போட்டு அடுப்பு அப்பம் சுட்டாங்க. வார நாள்லயே அத்தி பூத்த மாதிரிதான் செய்வாங்க, சனிக்கிழமை செஞ்சாங்க. ஞாயித்துக்கிழமை கடைக்குப் போய் கையுறை வாங்கிட்டு வந்தாங்க. என் பூட்ஸ் மேல வெச்சிருந்தாங்க. உனக்கு வாங்கப் போன இடத்துல எனக்கும் ஒண்ணு போல.

— ம்.

— ராத்திரி என் ரூமுக்கு வந்து நிக்கறாங்கக்கா. இருட்டுல. உன் ரூம்னு நெனச்சு வந்துடறாங்க போல. நான் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்குவேன். ரெண்டு நிமிஷம் நிப்பாங்க, மூக்கை உறிஞ்சிட்டுப் போயிடுவாங்க.

— ரூம் மாறி வந்துடறாங்களா.

— பின்ன? நேத்து அதுக்கும் மேல. அம்மா ஃபோன்ல இந்த வாரத்துச் சலுகை வந்துச்சு. மேசையில கெடந்துச்சு, பாத்துட்டேன். "உங்களுக்காகவே தேர்ந்தெடுத்தது": டயப்பர் இருபது சதவீதம் தள்ளுபடி, கர்ப்பக்காரங்க சாப்பிடற சத்து மாத்திரை மூணு எடுத்தா ரெண்டுக்குத்தான் காசு.

— ஒரு டெஸ்டுக்கா?

— ஒரே ஒரு டெஸ்டுக்கு!

— அப்படித்தான்டி அது. அப்பா ஒரு தடவை பெர்னில்லா ஆன்ட்டி பூனைக்கு ஒரு டப்பா மீன் வாங்கினாரு. ரெண்டு வருஷமா நமக்குப் பூனைச் சாப்பாட்டுக் கூப்பன். "இதுக்கு ஒரு பூனையே வாங்கிடலாம்"னாரு.

— கொழந்தைக்கும் அப்படிச் சொல்லிடுவாரா?

— வாயை மூடு. அவ்வளவுதானா, இன்னும் இருக்கா?

— இருக்கு. அம்மா காலண்டர்ல பென்சிலால சின்னதா எழுதியிருக்கு. வியாழன், ஒன்பதே கால், இளைஞர் கிளினிக். அம்மா அன்னிக்கு நாள் பூரா லீவு. அப்பாகிட்ட ஃபோன்ல சொன்னதைக் கேட்டேன். அம்மா! லீவு! என் ஃபைனல் மேட்சுக்கு ஒரு மணி நேரம் வர முடியல. மத்த பொண்ணுங்க அம்மாவெல்லாம் பன்னு கொண்டு வந்தாங்க, நான் கோச்சோட காப்பியக் குடிச்சேன். உன் கார் ஓட்டற டெஸ்டுக்கு அரை நாள் போட்டாங்க. இப்ப முழு நாள். நான் கெளப்பிவிட்ட பொய்யி, அதுக்கு லீவு உனக்கு. பத்திக்கிட்டு வருதுக்கா. வெக்கமாவும் இருக்கு. பயமாவும் இருக்கு.

— எதுக்குப் பயம்?

— அங்க உன்னைப் படுக்க வெச்சுப் பாப்பாங்க. ஒண்ணும் இல்லன்னு தெரியும். அப்ப யார் வாங்கினான்னு தேடுவாங்க. அம்மா என்னைப் பாப்பாங்க. கத்தினாக்கூடப் பரவால்ல. பாத்துட்டு, ஒண்ணும் பேசாம உன்கூடப் போயிட்டா? அதான் இப்பவே சொல்லிட்டேன். நீயே அம்மாகிட்ட எடுத்துச் சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பாங்க.

— டப்பா எங்க?

— இந்த நீலப் பையில, அடியில. வீட்டுல போட்டா அம்மா அட்டை தனி, பிளாஸ்டிக் தனின்னு பிரிப்பாங்க, மாட்டிக்குவேன். அதான் இங்க இருக்கற குப்பைத்தொட்டியில போட்டுடலாம்னு.

— எடு. ...மேல் உறையே பிரியல.

— சத்தியமா நான் தொடல. அதுல எப்படிப் பாக்கணும்னே எனக்குத் தெரியாது.

— அப்பாடா.

— என்னக்கா "அப்பாடா"? ஏன் உக்காந்துட்டே? அது பாட்டில் கூடை, உடைஞ்சிடும்.

— சனிக்கிழமைலேர்ந்து நான் தூங்கல.

— நீ ஏன் தூங்கல? உனக்குத்தான் ஒண்ணுமில்லன்னு தெரியுமே.

— என் ஃபோனைப் பிடி. அம்மா பாக்கற அதே பக்கம்தான் இது. போன செவ்வாய், மருந்துக்கடை. படி.

— கர்ப்ப டெஸ்ட் ஒண்ணு. எழுபத்தொன்பது குரோனா. நூத்தம்பத்தெட்டு பாயின்ட்.

— யார் பேர் போட்டிருக்கு?

— பேர்... எங்க வரும் பேர்?

— வராது. நீ தட்டினாலும் நான் தட்டினாலும் அம்மா தட்டினாலும் விழறது ஒரே உண்டியல்லதான். நாளு, கடை, சாமான், பாயின்ட். யாருன்னு அதுக்குத் தெரிய வேண்டாம், வீடுன்னு தெரிஞ்சாப் போதும். உன்கிட்ட ஒரு கார்டு இருந்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்.

— அப்ப அம்மாவுக்கு நீதான்னு...

— சனிக்கிழமை என் ரூமுக்கு வந்து, "ஹெட்விக், நீயா?"ன்னாங்க. "நான் இல்லம்மா"ன்னேன். நான் சொன்னா நம்புவாங்க, நீயே இப்ப சொன்னே. "நானும் வாங்கல, எனக்கு அம்பது வயசாகப் போகுது"ன்னாங்க. நம்ம வீட்டுல பொம்பளைங்க எத்தனை பேருடி?

— ...மூணு.

— அடுப்பு அப்பம் யாருக்குப் பிடிக்கும்? எனக்கு அந்தப் பன்னிக்கறி வாசனையே ஆகாது.

— எனக்கு.

— எனக்குக் கையுறை வாங்கினாங்களா? என் கையைப் பாரு, பழசு.

— அப்ப எனக்கு மட்டும்தானா?

— ரூம் மாறியும் வரல. உன்கிட்ட வந்து நின்னுட்டு, அப்புறம் என் கட்டில்ல வந்து உக்காந்து, "தூங்கறா. கொழந்தை மாதிரி தூங்கறா"ன்னு சொல்லிட்டு அழுவாங்க. அந்தக் குசுகுசு அத்தனையும் உன்னைப் பத்திதான். மூணு நாளா எங்களுக்கு வேற பேச்சே இல்ல.

— என்னைப் பத்தியா? மூணு நாளும்?

— "நாமளா அவசரப்பட்டுக் கேக்கக் கூடாது, அவளாச் சொல்லணும், நீ வெளிய கூட்டிட்டுப் போய் மெதுவாப் பேசு"ன்னு என்னை அனுப்பினாங்க. டின்னு ஒரு சாக்கு. வியாழக்கிழமை கிளினிக் உன் பேர்லதான் போட்டிருக்கு.

— ஏம்மா, கடைசி டின்னும் போட்டாச்சா? அப்ப அந்தப் பச்சை பட்டனை அழுத்தினா டின்னுக்குத் திருப்பித் தர்ற காசுக்குச் சீட்டு வரும்.

— அழுத்திட்டேங்க. நீங்க வாங்க. ரொம்ப நேரம் நிக்க வெச்சுட்டோம்.

— பரவால்லம்மா. நான் எதையும் காதுல வாங்கல. ஆனா சின்னப் பொண்ணே, உங்கம்மா நல்லவங்கம்மா.

— தேங்க்ஸ்ங்க. வா ஸ்வேயா. நேரா வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட சொல்லிடலாம். கத்துவாங்க. கத்தட்டும், நான் பக்கத்துல நிக்கறேன். அந்தக் கார்டு விஷயத்தையும் நானே பேசறேன். ஏன் அசையாம நிக்கறே?

— அக்கா.

— என்ன?

— நாள் பூரா லீவுன்னது... எனக்கா?

— உனக்குத்தான். கிளினிக் முடிஞ்சதும் ஆத்தங்கரை காப்பிக்கடையில உன்னை உக்கார வெச்சு, எவ்வளவு நேரமானாலும் நீ பேசறதைக் கேக்கணும்னாங்க. ஃபோனைக்கூட வீட்டுலயே வெச்சுட்டுப் போறாங்களாம்.

— நீயும் வருவியா?

— நானும் வரேன்னேன். "வேண்டாம், நானும் அவளும் மட்டும்"னுட்டாங்க. உண்மையைச் சொன்னா எனக்கே கொஞ்சம் எரிஞ்சுது. சரி வா, மழை வர்றதுக்குள்ள போய்ச் சொல்லிடலாம்.

— ஹெட்விக் அக்கா... வியாழக்கிழமை சாயங்காலம் சொல்லிக்கலாமா?