மூன்றாவது கோடு

1986 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்தில் சாரல் நன்றாக இருந்தது.

மற்ற நாட்களில் நான் தென்காசிப் பக்கம் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறேன். அங்கே எதை வைத்து வேலை செய்வது என்பதை முதலாளி முடிவு செய்வார். ஞாயிற்றுக்கிழமை வேலை என் சொந்த வேலை. அதற்கான சாமான்களை நானே பார்த்து எடுப்பேன். இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் கேட்பது அதைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

மலையில் வெள்ளம் கிளம்பினால் அருவிக்கு எத்தனை மணிக்கு வந்து விழும் என்று முன்கூட்டிச் சொல்லும் புரோகிராம் அது. குளிக்கிறவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். ஒரே பலகையில் அடங்கும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. புரோகிராமைப் பதிந்து வைக்கச் சாதாரண டேப் ரிக்கார்டர் போதும் என்று வைத்துக்கொண்டேன். கெட்டுப்போனால் ரேடியோ கடை ஒலி முகம்மது அன்றைக்கே சரிசெய்து தருவார். கரண்டை நம்பவில்லை, லாரி பேட்டரிதான். எது பழுதானாலும் உள்ளூரிலேயே இன்னொன்று கிடைக்க வேண்டும். எனக்கு அது முக்கியம்.

தண்ணீர் ஏறுவதை அறியத்தான் சரியான கருவி அமையவில்லை. மிதவை வைத்தேன். சருகு அடைத்து இரண்டு முறை பொய் சொன்னது. அதன் பிறகுதான் வடகரையிலிருந்து பலவேசம் என்ற ஆளை அழைத்து வந்தேன். அருவிக்கு மேலே, கிராம்புத் தோட்டத்து ஓடையின் நடுப்பாறையில் அவன் உட்கார வேண்டும். எதிர்ப்பாறையில் மூன்று வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தேன். தண்ணீர் ஒரு கோட்டைத் தொட்டால் அவன் ஒரு சுவிட்சை அழுத்த வேண்டும்; அந்த நேரம் கம்ப்யூட்டரில் பதியும். ஒயர் கீழே என் கொட்டகைக்கு வரும். பேசிக்கொள்ள ஒரு இன்டர்காம்.

இரண்டாவது கோடு நனையும்போது கரைக்குத் திரும்பும் கற்கள் முழுகிவிடும். நான் அளந்து பார்த்திருந்தேன். அதை அவன் என்னிடம் கேட்கவில்லை.

அன்று மூன்று மணிக்கு முதல் சுவிட்சை அழுத்தினான்.

"அண்ணாச்சி, ஒங்க பொட்டிக்கு மழக்கோட்டு போட்டு வச்சிருக்கீய. எனக்கு ஒரு சாக்கு கெடையாதா?"

"நீ நனைஞ்சா கெட்டுப்போவியாலே?"

சிரித்தான். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது சுவிட்ச். இந்த முறை சிரிக்கவில்லை.

"தண்ணி கலங்கி வருது அண்ணாச்சி. கரைக்கு வந்திரட்டா?"

"மூணாவது கோட்டுக்கு எவ்வளவு இருக்கு?"

"ஒரு சாண் இருக்கும். பிள்ளகுட்டிக்காரன் அண்ணாச்சி. ஒரு வார்த்த சொல்லுங்க, வந்துருதேன்."

"அங்கனயே இரு."

அவன் இருக்கவில்லை. கரைக்கு வரப் பார்த்திருக்கிறான். கால் வழுக்கி விழுந்து செத்ததாக ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். மூன்றாவது கோடு நனைந்த நேரம் இல்லாமல் என் கணக்கு முடியவில்லை.

பத்து நாள் கழித்து அவன் தம்பி மில் வாசலுக்கு வந்தான். கடற்கரை என்று பெயர்.

"எங்கண்ணன் ஒங்ககிட்ட என்ன வேல பாத்தான்?"

"மூணு சுவிச்சு அழுத்துத வேல."

"அதுக்கா செத்தான்?"

"மூணாவத அழுத்தலலே," என்றேன்.

அவனுக்கு அது உறைத்தது. அண்ணன் விட்டதை முடித்துத் தருவதாக அவனாகவே சொன்னான். நான் வற்புறுத்தவில்லை.

பலவேசத்திடம் இருந்த பழுது, இடத்தை விட்டு நகர்ந்தது. அதை மட்டும் திருத்தினேன். ஆகஸ்ட் பத்தாம் தேதி கடற்கரையின் இடுப்பில் நைலான் கயிறு கட்டிப் பாறை இடுக்கில் அடித்த கம்பியோடு பிணைத்தேன். "அண்ணன் மாதிரி போயிரக் கூடாதுல்லா," என்றேன். "நல்லா இறுக்கிக் கெட்டுங்க அண்ணாச்சி," என்றான். முடிச்சை முதுகுப் பக்கம், கை எட்டாத இடத்தில் போட்டேன்.

மூன்று சுவிட்சும் ஒழுங்காக வந்தன. அதற்குப் பிறகு இன்டர்காமில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் புரோகிராமைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அது நாலு மணி முப்பத்தொன்று என்றது. தண்ணீர் வடிந்த பிறகு கடற்கரை பாறையிலேயே இருந்தான். தேட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் குத்தாலிங்கத்திடம் வெள்ளம் எத்தனை மணிக்கு விழுந்தது என்று விசாரித்தேன். அவர் கையில் கடிகாரம் உண்டு.

"நாலு முப்பத்திரண்டு. ஆனா அருவியில ஒரு குஞ்சு இல்லியே அண்ணாச்சி. மேகம் கறுத்ததப் பாத்துட்டு போலீஸ்காரரு அரமணிக்கு முந்தியே எல்லாத்தையும் வெரட்டிட்டாருல்லா."

நான் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டேன்.