இரண்டாவது வெடி

தென்காசியிலிருந்து இலத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். துப்பாக்கிக் கடைக்குப் போய், எதையும் முடிவு செய்யாமல் திரும்புகிறார்கள்.

“பன்னெண்டு போர் சைஸ் தோட்டாதான் சுளுவா கிடைக்கும், அது சரி. குழல் ஒண்ணா, ரெண்டா? அதச் சொல்லுங்க அண்ணாச்சி,” என்றார் இளையவர்.

“ஒண்ணு போதும்.”

“தப்பிட்டுன்னா?”

“என்னத்தத் தப்ப? தோப்புக்குள்ள வார பன்னிய வெரட்ட வானத்தப் பாத்துல்லா சுடுதேன்.”

“பழசு ரெட்டக் குழல்தான?”

“அதுல மொத வெடி பன்னிக்கி. ரெண்டாவது பக்கத்துத் தோப்பு சங்கரனுக்கு.”

இளையவர் அவரையே பார்த்தார்.

“பன்னி போயிட்டு, நான் நல்லாருக்கேன்னு அவனுக்குத் தெரியணும்லா. பதிலுக்கு அவனும் ஒண்ணு போடுவான். அதக் கேட்டுட்டுத்தான் படுப்பேன்.”

“அவுக தோப்ப வித்துட்டு மக வீட்டுக்குப் போயி ஒரு வருசம் ஆச்சே.”

“ஆமா. போன மாசம் பன்னி வந்துது. பழக்கத்துல ரெண்டாவதையும் போட்டுட்டேன்.”

பஸ் இலஞ்சியில் நின்று கிளம்பியது.

“போட்டுட்டு, ரொம்ப நேரம் அங்கனயே நின்னேன் தம்பி. ஒத்தக் குழலே எடுப்போம்.”